நிற்பவர் நினைக்கிறார்

தூத்துக்குடிக் கடல்சுவர்ச் சாலை நெடுக அந்த மஞ்சள் பலகைகளை நட்டிருந்தார்கள். ‘நிற்பவர் நினைக்கிறார். தொடாதீர்கள், காத்திருங்கள்.’ வெளியூர்க்காரர்கள்தான் அதைப் படிப்பார்கள். உள்ளூரில் எல்லோருக்கும் பழகிவிட்டது. நடுரோட்டில் ஒருவர் சட்டென்று நின்றால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கமாட்டார். பின்னால் வரும் மீன்வண்டியும் நிற்கும். நின்றவர் முகத்தில் ஏதோ ஒன்று எங்கிருந்தோ வந்து சேரும். சிரிப்பார், அல்லது உதட்டைக் கடித்துக்கொள்வார். பிறகு நடப்பார். அவருக்குப் பின்னால் சாலையும் நகரும்.

அன்று காலை நின்றது முகிலன். கரையில் ஏற்றி வைத்திருந்த படகின் தார்ப்பாய் ஈரக்காற்றில் டப் டப்பென்று அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி நின்றுவிட்டார். அவர் மனைவி செண்பகா இரண்டு எட்டு முன்னால் போய், திரும்பிப் பார்த்து, தானும் நின்றாள்.

“செம்பா,” என்றார் கொஞ்ச நேரம் கழித்து. “நித்திக்கு ஒரு நாள் செருப்பு அறுந்துபோச்சுளா. பள்ளிக்கூடம் போற வழியில. என் செருப்பக் கழட்டிக் குடுத்தேன். அதப் போட்டுக்கிட்டு டப்பு டப்புன்னு நடக்கா. ‘அப்பா, நான் படகுல போறேன், நீங்க நீந்தி வாங்க’ங்கா.”

“எங்கிட்ட நீங்க இதச் சொன்னதே இல்லையே.”

“இப்பத்தான வருது.”

அவர் கண் நிறைந்திருந்தது. அவளுக்கும்தான். ஆனால் அவள் முகத்தில் சிரிப்பும் இருந்தது. மகள் நித்திலா இறந்து பல வருடங்கள் ஆகியும் அவளைப் பற்றி இன்றைக்குப் புதிதாக ஒரு சேதி வந்திருக்கிறது. அலுவலகம் போகும் வரை செண்பகாவுக்கு அது போதும்.

மறதிக்காய்ச்சல் முதலில் இறங்கியது தென்கரை ஊர்களில்தான். குழந்தைகளைக் கொன்றது. பெரியவர்களை விட்டுவைத்தது, ஆனால் அவர்களை அவர்களிடமே திருப்பிக் கொடுக்கவில்லை. எட்டு வயது நித்திலாவை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தவர் முகிலன். அவள் போன மறுவாரம் அவருக்கும் காய்ச்சல் கண்டது. பிழைத்து எழுந்தபோது எதிரில் நின்ற செண்பகாவை அவருக்கு யாரென்று தெரியவில்லை.

அந்தக் காய்ச்சல் நினைவுகளை எரிப்பதில்லை. நூலகத்தில் புத்தகங்களெல்லாம் அலமாரியிலேயே இருக்க, எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அடைவு மட்டும் எரிந்துபோனால் எப்படி இருக்கும், அப்படி. உள்ளே எல்லாம் இருக்கும், எடுக்க வழி இருக்காது. அதனால் அடைவை வெளியே கட்டினார்கள். காதுக்குப் பின்னால் ஒரு செவிப்பொத்தான். அது பேசுவது தென்மண்டல நினைவடைவு மையத்தின் சர்வர்களோடு. உறவினர்கள் படம் காட்டினார்கள், பெயர் சொன்னார்கள். மூளையில் எந்த இடம் விழிக்கிறது என்று பார்த்து எந்திரம் குறித்துக்கொண்டது. இது மனைவி, இது வீடு, இது மாத்திரை, இது ஹாரன் சத்தம், ஒதுங்கு.

அதிகாரப்பூர்வமான இந்தக் குறிப்புகளை மையத்தில் நெடுஞ்சாலை என்பார்கள். கட்டியவர்கள் எதிர்பார்க்காதது வேறொன்று. ஆட்கள் அந்த அடைவோடு வாழத் தொடங்கியதும் தாமாகவே தடங்கள் விழுந்தன. தார்ப்பாய்ச் சத்தத்திலிருந்து ஒரு செருப்புக்கு, கொய்யாக்காய் வாசத்திலிருந்து ஒரு சாயங்காலத்துக்கு. யாரும் போடாத வழிகள். பொறியாளர்கள் அவற்றுக்கு வைத்த பெயர் ஒற்றையடி. முகிலனுடைய ஒற்றையடிகளில் பெரும்பகுதி நித்திலாவிடம் போய் முடிந்தது. ஆரம்ப வருடங்களில் அவர் அழுது அழுது அவளைத் தேடியதில் விழுந்தவை அவை.

செண்பகா அந்த மையத்தின் தலைமைப் பொறியாளர். அடைவு ஆறிலிருந்து அடைவு ஏழுக்கு மாற வேண்டும் என்று முதலில் எழுதியவளும் அவள்தான். ஆறாம் பதிப்பு வீங்கிப்போயிருந்தது. தேடிக் கொண்டுவர நேரமெடுத்தது. மழைக்காலத்தில் ஒரு லாரியின் முன்னால் நின்ற பெண்ணுக்கு, அது லாரி என்பது வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பலகையைப் படிக்காத வெளியூர் லாரி. அந்தப் பெண்ணின் தாய் மையத்துக்கு வந்து செண்பகாவின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போனாள். அன்றைக்கே செண்பகா முடிவு செய்துவிட்டாள்.

மென்பொருளை மாற்றுவது பெரிய காரியமில்லை. மறு அடைவுதான் பெரிது. ஒவ்வொருவருடைய நினைவுக் குறிப்புகளையும் புதிய பதிப்பு புரிந்துகொள்ளும் வகையில் ஒன்றுவிடாமல் திரும்ப வரிசைப்படுத்த வேண்டும். அந்த நேரம் முழுக்க அடைவு மூடியிருக்கும். அவர்களுக்கு எவரையும் தெரியாது, எதுவும் தெரியாது. வீட்டில் விடமுடியாது என்பதால் கல்யாண மண்டபங்களை வாடகைக்கு எடுத்தார்கள். பகுதி பகுதியாக ஆட்களை அழைத்து, பக்கத்தில் ஒரு உறவினரை உட்காரவைத்து, நாள் முழுக்கச் செய்தார்கள். முதலில் நெடுஞ்சாலை, பிறகு ஒற்றையடி. ஒற்றையடிகளை விட்டுவிடச் சொன்ன ஒப்பந்த நிறுவனத்தோடு செண்பகா மாதக்கணக்கில் சண்டை போட்டு, கூடுதல் சேமிப்பிடம் வாங்கியிருந்தாள். ஒவ்வொரு மண்டபத்திலும் மைக்கைப் பிடித்து அவளே சொன்னாள்: “உங்க வீட்டு ஆளுங்ககிட்ட இருந்து எதுவும் போகாது. எல்லாத்தையும் பத்திரமா புது இடத்துல வைக்கிறோம்.”

அப்படித்தான் நடந்தது, பகுதிக்குப் பகுதி. கடைசியாக மிஞ்சியது முதல் காய்ச்சல்காரர்கள். முகிலன் அவர்களில் ஒருவர். அது கடைசியில் வருவது நல்லது என்று செண்பகா நினைத்தாள். கோளாறு என்று எதுவும் இருந்தால் அதற்குள் தெரிந்துபோகும்.

அவர்கள் முறை வந்த அன்று, மண்டபத்தின் மணமகள் அறையில் கணினிகளை வைத்திருந்தார்கள். நிலைக்கண்ணாடியில் யாரோ கழற்றி ஒட்டிவிட்டுப் போன பொட்டுகள் அப்படியே இருந்தன. முகிலனின் அக்கா சுயம்புக்கனி அவர் பக்கத்தில் உட்கார ஒப்புக்கொண்டிருந்தாள். அடைவை மூடுவதற்கு முன் செண்பகா போய்ப் பார்த்தாள்.

“பயமா இருக்கா?”

“நீதான பாக்க? பெறகு என்ன பயம்,” என்றார் முகிலன். “சாயங்காலம் வந்து என்னய எழுப்பு செம்பா.”

காலையில் எல்லாம் ஒழுங்காகப் போனது. மதியச் சாப்பாட்டுக்கு இலை போடும்போது நெடுஞ்சாலை முடிந்து ஒற்றையடி தொடங்கியிருந்தது. உறவினர்கள் ஊட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பிலோமின் கூப்பிட்டார். நாற்பதைத் தாண்டியவர், தரவுப் பிரிவுக்குப் பொறுப்பு, எதற்கும் பதறாதவர்.

“மேடம், நகரல. சுத்துது.”

“எது சுத்துது?”

“ஒற்றையடிதான். மத்த பகுதியில ஒரு ஆளுக்கு இவ்வளவு கெடையாது. இவங்க ரொம்ப வருஷமா நடந்திருக்காங்க. ஒரு தடம் இன்னொண்ணுக்குப் போகுது, அது திரும்ப மொத தடத்துக்கே வருது. ஏழாம் பதிப்புக்கு முடிவு எங்கனு தெரியல. உள்ளயே சுத்திக்கிட்டிருக்கு.”

செண்பகா அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நிரலைத் திருத்திப் பார்த்தாள், சுழல்களை வெட்டிப் பார்த்தாள். ஒன்றை வெட்டினால் வேறு இடத்தில் சுற்றியது. ஜன்னல் வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. இருவரும் அந்த வெயிலைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தார்கள். அடைவு இல்லாமல் மூளை காத்திருப்பதற்கு ஒரு எல்லை உண்டு. இருட்டுவதற்குள் திறக்காவிட்டால் மூளைப் பக்கத்து வாசல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். மூடினால் மூடியதுதான்.

“பழசுக்கே திரும்பிப் போயிட்டா?” என்று கடைசியில் கேட்டாள்.

“திரும்பிப் போகவும் இதே நேரம் வேணும் மேடம். காலையிலயே தெரிஞ்சிருந்தா முடிஞ்சிருக்கும்.”

“அப்ப?”

“ஒற்றையடிய விட்டுட்டு நெடுஞ்சாலையோட தெறந்துரலாம். அது தயாரா இருக்கு. ஆனா தெறந்ததும்…” பிலோமின் முடிக்கவில்லை.

முடிக்கத் தேவையில்லை. திறந்தவுடன் ஒவ்வொரு நினைவுக்கும் புதிய எண் விழுந்துவிடும். பழைய தடங்களைப் பத்திரமாக வைத்திருந்தாலும் அவை போய்ச் சேர எதுவும் இருக்காது. இல்லாத ஊருக்குப் போகாத வழி.

செண்பகா எழுந்து மண்டபத்துக்குள் போனாள். மின்விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில் ஒரு முனகல் பரவியிருந்தது. ஒரு பெரியவர் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். தாகத்தால் உதடு வெடித்திருந்தது, பாட்டிலுக்கும் தாகத்துக்கும் என்ன தொடர்பென்று அவருக்குத் தெரியவில்லை. அவருடைய மகள் திறந்து வாயில் வைத்ததும் பயந்து தட்டிவிட்டார். இன்னொரு பக்கம் ஒரு பெண் தன் கையையே பார்த்துப் பார்த்து அலறினாள். முகிலன் சுவரில் சாய்ந்திருந்தார். கனியின் கண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேரமாகுதேளா,” என்றாள் கனி. “எப்ப முடியும்? இவன் என்னப் பாக்குற பார்வைய என்னால தாங்க முடியல.”

“முடிஞ்சிரும் மதினி.”

அறைக்குத் திரும்பியபோது பிலோமின் கதவைச் சாத்தினார். “மேடம், ஒண்ணு சொல்லுதேன். முகிலன் அண்ணனோடத மட்டும் நான் கையால சிக்கெடுத்து ஏத்திருதேன். ஒரு ஆளுக்குன்னா முடியும்.”

“அந்த நேரத்துல மத்தவங்க?”

“காத்திருக்கணும். மெஷின் ஒண்ணுதான, தெறந்தா எல்லாருக்கும் ஒண்ணாத்தான் தெறக்கும்.”

“எல்லாருக்கும் வாசல் மூடுறதுக்குள்ள முடிஞ்சிருமா?”

“முடிஞ்சிரும்னுதான் நெனைக்கேன்.”

“நெனைக்கேன்னு சொல்லுதீங்க.”

பிலோமின் தலையைக் குனிந்துகொண்டார். “ஆமா மேடம். நிச்சயமாச் சொல்ல முடியாது.”

செண்பகா கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டுகளைப் பார்த்தபடி நின்றாள். படகு, கொய்யாக்காய், அவர் இன்னும் சொல்லாத எத்தனையோ. அவற்றின் எண்ணிக்கைகூட அவளுக்குத் தெரியாது. அந்தப் பெரியவரின் வெடித்த உதடும் கண்ணை விட்டுப் போகவில்லை.

“நிறுத்துங்க பிலோமின். எல்லாருக்கும் ஒண்ணா தெறந்துருவோம்.”

“மேடம், அண்ணனுக்கு…”

“அவுகளும் அந்த ஹால்லதான இருக்காக.”

கட்டளையை அவளே தட்டினாள். தன் கையால்தான் செய்ய வேண்டும், வேறு யார் தலையிலும் அது விழக்கூடாது என்று தோன்றியது. தட்டிய பிறகு விரல்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

மண்டபத்தில் முகங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. பெரியவர் பாட்டிலைத் திறந்து கடகடவென்று குடித்தார். பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்கள் நாலாபக்கமும் எழுந்தன. யாரோ கைதட்ட, மண்டபமே தட்டியது. ஒருவர்கூட யோசித்து நிற்கவில்லை. எல்லோருக்கும் எல்லாமும் உடனே வந்தது.

முகிலன் நேராக அவளிடம் வந்தார்.

“செண்பகா, வேல முடிஞ்சதா? வீட்டுக்குப் போவமா?”

சரியான பெயர்தான். செவிப்பொத்தானில் பதிந்திருந்த பெயர். செம்பா என்று அவர் கூப்பிட்டது எந்தப் பதிவிலும் இருந்ததில்லை. அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “நித்திய ஞாபகம் இருக்குதாங்க?”

“நித்திலா. நம்ம பொண்ணு. எட்டு வயசுல காய்ச்சல்ல இறந்துட்டா,” என்றார் அவர், வழி கேட்டவருக்குத் தெருப்பெயர் சொல்வதுபோல. சொல்லிவிட்டு, “ஆட்டோ பிடிக்கட்டுமா?” என்று கேட்டார்.

மறுவாரம் செண்பகா அந்தப் பகுதிக் குடும்பங்களை மையத்துக்கு அழைத்து நடந்ததைச் சொன்னாள். எதுவும் போகாது என்று சொன்னது தன் வாய்தான் என்றும், அது பொய்யாகிவிட்டது என்றும் சொன்னாள். சிலர் திட்டினார்கள். சிலருக்கு என்ன போயிற்று என்றே புரியவில்லை. ஆள் முன்னைவிடத் தெளிவாக இருக்கிறாரே என்றார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “எங்க வீட்டுக்காரர் என்னய மறக்கல மேடம். ஆனா நெனைக்கவும் இல்ல,” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். செண்பகாவுக்கு அவள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்போல் இருந்தது.

புதிய ஒற்றையடிகள் விழுமென்று பிலோமின் நம்பிக்கை சொன்னார். விழத்தான் செய்தன, பக்கத்து வீட்டு நாயிடம், புதிதாகத் திறந்த பரோட்டாக் கடையிடம். நித்திலாவிடம் விழவில்லை. துக்கம் இருந்தால்தான் அவர் தேடுவார், தேடினால்தான் தடம் விழும், தடம் விழுந்தால்தான் துக்கம் வரும். அந்த வட்டத்துக்குள் நுழைய எங்கும் வாசல் இல்லை.

கனி ஒருநாள் கருவாடு கொண்டுவந்தவள் அடுக்களையில் நின்று சொன்னாள்: “தம்பி நல்லாத் தூங்குதான். ரோட்டுல நின்னு அழுறதில்ல. எத்தன வருஷமாச்சு அவன் மொகத்த இப்படிப் பாத்து. இது போதாதாளா?”

“போதும் மதினி,” என்றாள் செண்பகா. அது பொய்யுமில்லை. அவர் தூங்கும்போது அவளும் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. சாயங்காலங்களில் அவர் எதிரில் உட்கார்ந்து கேட்டாள். நித்தி முதல் நாள் பள்ளிக்கூடம் போனது, பல் விழுந்தது, மணப்பாட்டில் அலைக்குப் பயந்தது. கேட்டதும் சொன்னார், ஒரு விவரம் பிசகாமல். செருப்பு அறுந்த கதையைக்கூடச் சொன்னார், அதை அவள் கேட்டதால். எல்லாம் அவளுக்குத் தெரிந்தவை. அப்பாவும் மகளும் மட்டும் இருந்த எத்தனையோ பொழுதுகள் அந்தத் தலைக்குள் பத்திரமாக இருந்தன, ஒன்றுகூட அழியாமல். பெயர் சொல்லிக் கேட்டால் எழுந்து வரும். தெரியாத ஒன்றை என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

“நான் கேக்காத எதாவது இருக்குதாங்க?” என்று ஒரு சாயங்காலம் கேட்டாள். “நித்தியப் பத்தி. எதுன்னாலும் பரவாயில்ல.”

முகிலன் உண்மையாகவே முயன்றார். நெற்றியைச் சுருக்கினார். “இருக்கும் செண்பகா. நெறைய இருக்கும். ஆனா எதப் பத்தின்னு சொன்னாத்தான எடுக்க முடியும்?” பிறகு அவள் முகத்தைப் பார்த்து, அவராகவே வருத்தப்பட்டு, “நீ சொல்லேன். எனக்குத் தெரியாதது ஒங்கிட்ட இருக்குமில்ல?” என்றார்.

இருந்தது. அவள் எவரிடமும் சொல்லாதது. நித்திக்குக் காய்ச்சல் ஏறிய அன்று மத்தியானம் அவர் மருந்துக்கு வெளியே போயிருந்த நேரம். நித்திலா கண்ணைத் திறந்து, “அப்பா வர்ற வரைக்கும் முழிச்சிருக்கட்டுமா?” என்று கேட்டாள். “நீ தூங்குடா, வந்ததும் எழுப்புறேன்” என்று சொன்னாள் செண்பகா. அப்பா வந்தார். எழுப்பினார்கள். அவள் எழவில்லை. பிறகு இரண்டு நாள் மூச்சு இருந்தது, அவ்வளவுதான். இதைச் சொன்னால் முகிலன் உடைந்துபோவார் என்று இத்தனை வருடமும் நெஞ்சுக்குள் வைத்திருந்தாள். இப்போது சொன்னாள். சொற்கள் நின்று நின்று வந்தன. அவர் குறுக்கே பேசாமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரை கவனமாகக் கேட்டார். நல்ல மனிதர். எப்போதுமே நல்ல மனிதர்.

முடிந்ததும் எழுந்து போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்.

“பாவம்,” என்றார். “ஒனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்.”

செண்பகா செம்பை வாங்கிக்கொண்டாள்.

“ஆமாங்க,” என்றாள்.